லயத்து இலையான்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இலையான். கடைக்குச் சாமான் வாங்க வரும் தோட்டத்துச் சனங்கள் ஈ என்பார்கள். ஒரே பூச்சிக்கு அட்டன் பக்கத்துச் சிறுபட்டணம் ஒன்றில் இரண்டு பெயர்கள் புழங்கின. வியாபாரம் படுத்த கடையை 'ஈ ஓட்டும் கடை' என்று சொல்வது தமிழ் வழக்கம். மலைநாட்டுக் கடைவீதியில் அந்த வழக்கு செல்லாது. சம்பளக் கிழமையில் கடை நிறைந்து வழியும்போதுதான் கருவாட்டு மூட்டையிலும் சீனிச் சாக்கிலும் இலையான் அப்பியிருக்கும். மாதக் கடைசியில் மனிதரும் இல்லை, அதுவும் இல்லை. வாப்பா குங்கிலியத்தையும் ஆமணக்கெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, பழைய பத்திரிகைத் தாளில் தடவி, தராசுக்கு மேலே தொங்கவிடுவார். பிற்பகலுக்குள் தாள் கறுத்துவிடும்.

மலையக இலக்கியத்தில் அட்டைக்கு நிரந்தர இடமுண்டு. மழை, குளிர், கம்பளி, கொழுந்துக்கூடை, காலைச் சுற்றி இரத்தம் குடிக்கும் அட்டை என எந்தக் கதையைப் புரட்டினாலும் அகப்படும். அட்டை மலையில் கடிப்பது. உழைப்பைச் சொல்லவந்த எழுத்தாளன் அதை விட்டுவிட முடியாது. ஈ வீட்டில் மொய்ப்பது. நான் வாசித்தவரையில் ஈயைப் பற்றி எவரும் நின்று எழுதியதாக நினைவில்லை. எழுதினால் லயத்தைப் பற்றியும் மலசலகூடத்தைப் பற்றியும் மாட்டுப்பட்டியைப் பற்றியும் எழுதவேண்டிவரும். அவையெல்லாம் வெட்கப்பட்டு மறைக்கவேண்டிய சங்கதிகளாகவே நம் எல்லோருக்கும் பழகிவிட்டன. ஆனால் தோட்டத்து மனிதன் எப்படிக் குடிவைக்கப்பட்டான் என்பதன் வரலாறு இந்தச் சிறு பூச்சியின் முதுகில்தான் ஏறி வந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு புதிர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். வீட்டு ஈ சூட்டில் பெருகும் பிராணி. பெண் ஈ ஒரு தடவையில் நூறு, நூற்றைம்பது முட்டைகள் இடும். நல்ல வெயில் நாட்டில் அந்த முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். குளிர் நாட்டில் அதற்கே ஆறேழு வாரமாகும். அப்படியானால் வெள்ளைக்காரன் தன் சொந்த ஊர்க் காற்றென்று கொண்டாடி ஓய்வெடுக்கத் தேர்ந்த அந்த மலையில் இந்த மொய்ப்பு எங்கிருந்து வந்தது?

விடை சாணக் குவியலில் இருக்கிறது. அழுகும் எரு தானே சூடு கொள்ளும். வெளியே பனி கொட்டும் இரவிலும் குவியலின் நடுவில் கை வைக்கமுடியாத வெப்பம் இருக்கும். ஈயின் புழு நடுவுக்குப் போகாது, அங்கே வெந்துவிடும். ஓரத்துச் சில அங்குலங்களில் இதமான சூட்டில் வளர்ந்து, பிறகு ஈரமில்லாத பொலபொலத்த மண்ணுக்கு நகர்ந்து கூடு கட்டும். நுவரெலியாவின் குளிர் மனிதனுக்குத்தான். ஈக்கு மனிதனே ஓர் அடுப்பு மூட்டிக் கொடுத்திருந்தான். கேள்வி ஒன்றுதான்: அந்த அடுப்பு யாருடைய வாசலில் இருந்தது?

கோப்பிக் காலத்தில் ஆட்கள் பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போனார்கள். இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி, மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்த அந்தச் சனங்களுக்கு வழியெங்கும் வாந்திபேதி துணைவந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. கொழுந்து கதையை மாற்றியது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை மெல்ல அழித்தது. தேயிலை வருடம் முழுவதும் கை கேட்கும் பயிர். குறிப்பாகப் பெண்களின் கை கேட்கும் பயிர். எனவே குடும்பங்கள் வந்து தங்கின. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த வீடு மட்டும் பருவத்துக்கு வந்து போகிறவனுக்குக் கட்டிய அதே வரிசைக் கொட்டில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு, மேலே தகரம். இரட்டை லயமென்றால் முதுகுக்கு முதுகு ஒட்டிய இரு வரிசை. பின்பக்கச் சுவரே இல்லாததால் ஜன்னலுக்கும் வழியில்லை. வாசலை ஒட்டித் திறந்த கான். கானின் முடிவில் பீலி. வயிற்றுப் பாட்டுக்குத் தேயிலை மலை, ஓடைக்கரை. ஒரு ஜோடி ஈக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது.

சட்டம் இல்லாமலில்லை. 1872இலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் பிறந்துவிட்டது. 1912இல் அது திருத்தியமைக்கப்பட்டபோது, லயத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஓரளவு சுகாதாரமான நிலையில் வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்று எழுதினார்கள். 'ஓரளவு' என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். அந்த அளவை அளந்தவரும் பெரும்பாலும் துரையேதான்.

இந்த இடைவெளியில் உலக விஞ்ஞானம் ஈயைக் கண்டுபிடித்திருந்தது. 1898இல் ஸ்பெயினோடு அமெரிக்கா நடத்திய போரில் குண்டு பட்டுச் செத்தவர்களை விடக் காய்ச்சலில் செத்த சிப்பாய்கள் அதிகம். அதை ஆராய்ந்த வால்டர் ரீட் முதலானோர் முகாமின் மலக்குழிக்கும் சாப்பாட்டுக் கூடாரத்துக்கும் இடையில் ஈ ஓடியதைக் கண்டார்கள். குழியில் தூவிய சுண்ணாம்பு சாப்பாட்டு மேசையில் நின்ற ஈயின் காலிலும் இருந்தது. எல். ஓ. ஹோவார்ட் என்ற பூச்சியியலாளர் அதற்குத் 'தைபொயிட் ஈ' என்றே பெயர் சூட்டிப் பிரசாரம் செய்தார். கன்சாஸ் மாநிலத்தில் டொக்டர் குரும்பைன் 1905இல் 'ஈயை அடி' என்று ஓர் இயக்கமே தொடங்கினார். ஈ தட்டும் மட்டை அன்றுதான் வீட்டுச் சாமானானது.

மட்டை ஒரு தந்திரமான சாமான். நோய்க்கான பொறுப்பு அதைப் பிடித்திருக்கும் கைக்குப் போய்விடுகிறது. உன் வீட்டில் ஈயா? நீ அடிக்கவில்லை. உன் பிள்ளைக்கு வயிற்றோட்டமா? நீ மூடி வைக்கவில்லை. 1958இல் மா சேதுங்கின் சீனம் எலி, ஈ, நுளம்பு, சிட்டுக்குருவி நான்கையும் ஒழிக்கச் சனத்தை ஏவியபோதும் இதே கதைதான். எண்ணிக்கை கேட்டார்கள், எண்ணிக்கை கொடுத்தார்கள்.

மலையகத்துக்கு இந்த விஞ்ஞானம் வேறொரு வழியாக வந்தது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பை ஆரம்பித்தார்கள். இரத்தம் குறைந்த தொழிலாளி குறைவாகக் கொழுந்தெடுப்பான் என்ற கணக்கு தோட்டக்காரருக்குப் புரிந்தது. மருந்து கொடுத்துப் புழுவை இறக்குவதில் தகராறில்லை. தகராறு மலசலகூடத்தில் வந்தது. அது இல்லாவிட்டால் இறங்கிய புழு மறு மாதமே காலால் ஏறிக்கொள்ளும் என்றார்கள் வந்தவர்கள். கட்டினாலும் கூலிகள் போகமாட்டார்கள், பணம் வீண் என்றார்கள் துரைமார்.

போகமாட்டார்கள் என்பதில் உண்மை இருந்தது. ஏன் என்று கேட்டவர்தான் குறைவு. லயத்திலிருந்து தள்ளிச் சரிவில் கட்டிய, கதவில்லாத, தண்ணீரில்லாத ஒரு கூண்டுக்குள் விடியுமுன்னே மழையில் பெண்ணொருத்தி எப்படிப் போவாள்? சிறுத்தை நடமாடும் மலை அது. பிரட்டுக்கு நேரமாகிவிடும் பயம் வேறு. ஐம்பது பேருக்கு ஒரு குழி என்றால் மூன்றாம் மாதம் அது நிறைந்து ஈக்கூடாகும். மூடியில்லாத குழி கொக்கிப்புழுவைத் தடுத்தது, இலையானை வளர்த்தது.

அதைத் துப்புரவாக்க யார் இருந்தார்? இந்த இடத்தில் நம் பேச்சு வழக்கமாகத் தடுமாறும். தோட்டத்தில் வாசற்கூட்டி என்றொரு வேலையிருந்தது. கான் கழுவுவது, வாசல் பெருக்குவது, கக்கூஸ் சுத்தம் செய்வது அந்த வேலை. அது கடைசி லயத்தில் வைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்றே ஒதுக்கப்பட்டது. கடல் கடந்து வந்த பிறகும், ஒரே துரையிடம் ஒரே ஏச்சு வாங்கிய பிறகும், பீலியில் யார் முதலில் குடம் வைப்பது என்ற ஒழுங்கு மாறவில்லை. ஒரு தோட்டத்து நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கழிவை இரண்டு மூன்று ஆட்களின் விளக்குமாற்றில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். துரையைக் குறை சொல்லும் வேளையில் இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பட்டணத்துக் கடைக்காரர்களான எங்கள் வீடுகளிலும் வாளி எடுக்க வந்தவரின் பெயரை யாரும் கேட்டு நான் அறிந்ததில்லை.

ஒரு சின்ன விலகல். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ் தன் 'கிதாபுல் ஹயவான்' என்ற பிராணி நூலில் ஒரு காழியின் கதை சொல்கிறார். பள்ளிவாசலில் தூணாக அமர்ந்திருப்பாராம் அந்த நீதிபதி. கை அசையாது, தலை திரும்பாது, சாய்வதில்லை. ஒருநாள் ஓர் ஈ மூக்கில் உட்கார்ந்து கண்ணோரத்துக்கு நகர்கிறது. பொறுக்கிறார். இமையைக் கொட்டுகிறார். அது எழுந்து மீண்டும் அதே இடத்தில் இன்னும் ஆழமாக உறிஞ்சுகிறது. கடைசியில் சபை பார்த்திருக்கக் கையால் விரட்டுகிறார், பிறகு சட்டைக் கையால். தன் கம்பீரமெல்லாம் படைப்பில் மிக அற்பமானதொன்றின் முன் போயிற்றென்று ஒப்புக்கொள்கிறார். மனிதனின் இறுமாப்பைப் பற்றிய கதை என்றுதான் அதை எல்லோரும் வாசிக்கிறோம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு ஈயை வெல்ல முடியாது. காழியாலேயே ஆகாததைப் பத்தடிக் காம்பராவில் ஒரு தாய் எப்படிச் செய்வாள்?

செய்யாமலும் இருக்கவில்லை. விறகடுப்பின் புகையே அவளுடைய முதல் ஆயுதம். பச்சை யூகலிப்டஸ் இலையைத் தணலில் போட்டால் காம்பரா பத்து நிமிஷத்தில் காலியாகும். ஈயோடு மனிதரும்தான். ஜன்னலற்ற அறையில் அந்தப் புகையைக் குடித்துக் குடித்து நாற்பது வயதில் இருமாத பெண்ணைக் காண்பது அபூர்வம். ரொட்டியைத் துணியில் சுற்றி உறியில் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை சாணம் மெழுகி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஏணையில் தூங்கும் பிள்ளையின் முகத்துக்கு மெல்லிய சேலைத் துண்டு. பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போகும்போதும் அந்தத் துண்டைக் கொடுத்துவிடுவார்கள். அழுக்குப் பிடித்த சனம் என்று பங்களாவிலும் பட்டணத்திலும் பேசியவர்கள் எவரும் ஒரு பகல் முழுதும் அந்த வாசலில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

எருக்குவியலைத் தூர வைத்தால் என்ன என்பது படித்தவர் கேட்கும் கேள்வி. கடைக்கணக்கு வாங்கப் போன காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன். தொங்கல் காம்பராவில் இருந்த ஒரு பாட்டி சிரித்தார். "ஈ எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி? தள்ளி வைக்க எடம் எங்க இருக்கு? லயத்த விட்டு எறங்கினா எல்லாம் கம்பெனி மண்ணு." அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, விளக்கத் தேவையுமில்லை.

மாடு தோட்டத்து மனிதனின் வங்கி. சம்பளம் கடன்கணக்கில் போய்விடும். பால் பணம் கையில் நிற்கும். மகளின் கலியாணம், மகனின் பள்ளிச் செலவு எல்லாம் பசுவின் மடியிலிருந்து வந்தவை. பட்டி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தாகவேண்டும். கள்வன் உண்டு, சிறுத்தை உண்டு. பகல் முழுதும் மலையில் நின்றவள் இருட்டில் புல்லுக்கட்டோடு நெடுந்தூரம் நடக்கவும் முடியாது. எருவும் காசு. கந்தப்பளை, நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்கள் அதை வாங்கும். எனவே குவியல் வாசலுக்கு அருகிலேயே உயர்ந்தது. தேயிலைச் செடிக்கும் செடிக்கும் இடையே அளந்து இடைவெளி விட்ட தோட்டத்தில், அடுப்புக்கும் சாணத்துக்கும் இடையே விட இடமில்லாமல் போனது.

இந்தூரில் அல்பர்ட் ஹோவார்ட் 1931இல் வெளியிட்ட கூட்டெரு முறை தேயிலைத் தோட்டக்காரர்களின் கவனத்தையும் ஈர்த்தது. குவியலை அடுக்காகக் கட்டி, உரிய நாளில் புரட்டிப்போட்டால் ஓரத்துப் புழு நடுச்சூட்டில் வெந்துபோகும். எரு நன்றாகும், ஈ குறையும். தேயிலைக்கு உரம் என்று வந்தபோது பேசப்பட்ட அந்த அறிவு லயத்துப் பட்டிவரை இறங்கி வந்ததாக எனக்குத் தெரியவில்லை. இறங்கி வந்தது சுண்ணாம்புதான். சுவர் வெள்ளையாகும், பரிசோதகர் வருவார், போவார். 1923இலிருந்து கண்டியில் இந்திய அரசாங்கத்தின் ஏஜென்ட் ஒருவர் இருந்து வருடாவருடம் அறிக்கை எழுதினார். அவருக்கும் லயம் வெள்ளையாகவே தெரிந்திருக்கும்.

யுத்தத்துக்குப் பின் டீ.டீ.ரீ. வந்தது. இலங்கையில் மலேரியாவை அடக்கிய அந்த மருந்து ஈயையும் ஒழித்துவிடும் என்று உலகமே நம்பியது. 1946, 47இலேயே சுவீடனிலும் இத்தாலியிலும் அந்த மருந்துக்குச் சாகாத ஈக்கள் தோன்றிவிட்டன. பத்து நாளில் ஒரு தலைமுறை காணும் பிராணியோடு மருந்துப் போட்டி வைப்பது இப்படித்தான் முடியும்.

ஈ அவ்வளவு பெரிய குற்றவாளியா என்ற சந்தேகம் நியாயமானது. தண்ணீரும் கையும்தானே முக்கியம் என்று சொல்பவருண்டு. பாகிஸ்தானின் சில கிராமங்களில் ஈயை மட்டும் கட்டுப்படுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. சிறுபிள்ளைகளின் வயிற்றோட்டம் சுமார் 23 சதவீதம் குறைந்திருந்தது. இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி பத்து, நூறு எண்ணிக்கையில் உள்ளே போனாலே போதும். ஈயின் ஒரு கால் அதற்குத் தாராளம். அந்தக் காலை வழிமறிப்பது நீரடைப்புள்ள மலசலகூடம், மூடிய எருக்குழி, குப்பையை ஏற்றிச் செல்லும் வண்டி. மூன்றுமே தனி ஒருத்தியின் கையில் இல்லாதவை.

குப்பை வண்டியின் கதை விசித்திரமானது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோன சனத்துக்கு உள்ளூராட்சியின் முகமே நெடுங்காலம் தெரியாது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. வாக்குரிமை திரும்பி வந்தது. பிரதேச சபைக்கு உறுப்பினர்களையும் தெரிவு செய்தார்கள். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டம் தனியார் நிலம் என்ற நிலையில் சபை தன் பணத்தை அங்கே செலவிட முடியாது. வாக்குக் கேட்டு லயத்துக்குள் போன உறுப்பினர், வென்ற பிறகு ஒரு கான் கட்டக்கூடத் தோட்டத்தின் தயவை நாடவேண்டியிருந்தது. வண்டி தோட்ட எல்லைப் பலகையோடு திரும்பிவிடும். ஓரிரு கிலோமீற்றர் சாதாரணமாகப் பறக்கும் இலையானுக்கு அந்தப் பலகை தெரியாது. கீழே கடைவீதியில் எங்கள் சீனிச் சாக்கில் உட்கார்ந்ததும் மேலே லயத்தில் பிறந்ததுதான், இங்கே மீன்கடைக் கானில் பிறந்தது அங்கேயும் போயிருக்கும். அந்தப் பிரிவைத் திருத்த 2018வரை ஆனது. முப்பத்தொரு வருடம்.

நுவரெலியாப் பக்கத்தில் ஈக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் பாத்திகளுக்குக் கோழி எரு லொறி லொறியாக வருகிறது, வடமேல் மாகாணத்துப் பண்ணைகளிலிருந்தும்கூட. வீதியோரத்தில் மூடாமல் கொட்டிக் கிடக்கும் ஈரக் கோழி எருவைப்போல ஈக்கு உவப்பானது வேறில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, நவம்பரில் நீங்கிய அந்த இடைக்காலத்தில் எரு என்ற பெயரில் எது கிடைத்தாலும் வாங்க ஆளிருந்தது. விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. மண் பசித்தால் அவன் எதையாவது போட்டுத்தானே ஆகவேண்டும்? ஆனால் பாத்திக்கு மேல்புறத்தில் லயமிருந்தால், குவியல் கிடக்கும் வாரங்களில் அங்கே சோற்றுக் கோப்பையைத் திறக்க முடியாது.

இப்போது தனி வீடுகள் எழுகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி, முன்னர் தொடங்கிய 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் தரப்படும் என்றார். ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு, உள்ளேயே நீரடைப்பு மலசலகூடம். லயத்தில் பிறந்தவருக்கு இது சிறிய விஷயமல்ல. நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு ஒரு கதவு, ஒரு ஜன்னல், தன் பேரில் ஒரு துண்டு மண். பெருந்தொகையானோர் இன்னும் தகரக் கூரைக்குக் கீழேயே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நான் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு நாற்பத்துநாலடி கூட வராது. வீடு போக, கழிவுக்குழி போக, நடைவழி போக மிஞ்சுவதில் பசுவுக்கும் எருக்குழிக்கும் எங்கே இடம்? எந்த மூலையில் வைத்தாலும் ஒன்று தன் குசினிக்கு அருகில், இல்லாவிட்டால் அடுத்தவர் குசினிக்கு அருகில்.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. அவருடைய மகன் புதுவீட்டுக்கு வந்துவிட்டார், மாட்டையும் கொண்டுவந்திருக்கிறார். வேலியோரத்தில் இடுப்பளவு குழி வெட்டி, சாணத்தை மிதித்து இறுக்கி, கறுப்புப் பொலித்தீனால் மூடி, விளிம்பில் ஓர் இடமும் விடாமல் கல் அடுக்கியிருக்கிறார். கந்தப்பளையில் மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போனபோது பழகியதாம். பொலித்தீனுக்கு அடியில் சூடு ஏறிப் புழு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் இரண்டு முழத் துண்டு கேட்டு வாங்கிப்போயிருக்கிறார். அதற்கடுத்த வீட்டில் பொலித்தீன் கிழிந்துவிட்டது, வாங்கச் சம்பளம் வரவேண்டும் என்றார்கள்.